தவிர்க்க வேண்டிய குன்று

சைக்கிளின் முன்னால் மண்டியிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். பிறகு எழுந்திருக்க முயன்றேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"ஏதாவது கெடச்சுதா மாப்பிள்ளை? இல்ல, இன்னைக்கு அங்கேயே தங்கிடறதா உத்தேசமா?" என்று கேட்டார் என் உதவியாளர்.

என் உதவியாளர் என் மாமியார். மற்ற துப்பறியும் நிபுணர்களுக்கெல்லாம் துடிப்பான இளைஞன் ஒருவன் வாய்ப்பான். குத்துச்சண்டை தெரிந்திருக்கும், மோட்டார் சைக்கிளில் பறப்பான். எனக்கு வாய்த்தவர், காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. ஓட்டுநர் தேர்வில் நான் திரும்பத் திரும்பத் தோற்றேன். அவரிடம் ஒரு வேன் இருந்தது. அப்படித்தான் எங்கள் கூட்டு ஆரம்பித்தது. மாப்பிள்ளை என்கிற மரியாதை ஒரு துளியும் குறையாமல் என் மானத்தை வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"கெடச்சுது அத்தை," என்றேன், சுவரைப் பிடித்து எழுந்துகொண்டே. "கேஸே முடிஞ்சுது. இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க. அந்த அம்மாவையும் கூப்பிடுங்க."

"முடிஞ்சுதா, முடிச்சிட்டீங்களா?"

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் நின்றிருந்தது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து நடையில். கடைக்காரப் பெண்மணியின் கணவரைத்தான் நேற்று காலையிலிருந்து காணவில்லை. ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வழிகாட்டி' என்றால்தான் தெரியும். கடற்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் குன்றுகளில் மவுண்டன் பைக் ஓட்டுவதற்கு எந்தெந்தப் பாதைகள் நல்லவை என்று அவர் எழுதிய புத்தகம் சைக்கிள் பைத்தியங்களுக்கு வேதம். நாளைக் காலை இருநூறு வாசகர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு அவரே முன்னால் ஓட்டிப் போவதாக ஏற்பாடு.

நேற்று விடியும்போது சைக்கிளோடு கிளம்பியவர் திரும்பவில்லை. மதியம், கடற்கரைச் சாலை ஓரத்துக் கம்பி வேலியில் அவருடைய சைக்கிள் மட்டும் செருகிக்கொண்டு நின்றது. கைப்பிடியில் மாட்டியிருந்த செல்போன் உடைந்திருந்தது. போலீஸ் சைக்கிளைக் கொண்டுவந்து கடையில் விட்டிருந்தது. சைக்கிளை விட்டுவிட்டுக் கடலில் குளிக்க இறங்கியிருப்பார், அலை இழுத்துக்கொண்டிருக்கும் என்பது போலீசின் கணிப்பு. ஒரு படகு கடலில் தேடிக்கொண்டிருந்தது. இருநூறு வாசகர்கள் குன்றுகளில் சைக்கிளில் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டிலும் நம்பிக்கை வராமல் எங்களைக் கூப்பிட்டிருந்தார். நம்பிக்கை இழந்தவர்கள்தான் பொதுவாக எங்களைக் கூப்பிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கண் பரிசோதனை அறையில் அவரும் அந்த அம்மாவும் உட்கார்ந்தார்கள். நான் சைக்கிளை உள்ளே தள்ளி வந்து, எழுத்துப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டேன். பேசுவதற்கு முன் பலகையை ஒரு தடவை பார்த்தேன். மேல் இரண்டு வரிக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை அப்போதே ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இந்த சைக்கிளோட டயரைப் பாருங்க," என்று ஆரம்பித்தேன். "தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்கு. எத்தனையோ மலை ஏறி இறங்கின டயர். ஆனா சங்கிலி மாட்டற பல்சக்கரத்துல கடையில வாங்கினப்ப இருந்த பெயின்ட் அப்படியே இருக்கு. மிதிச்சு ஓட்டியிருந்தா அந்த பெயின்ட் எப்பவோ போயிருக்கும். பெடல்ல ஒரு கீறல் இல்லை. சீட்டுக்கு மேல புதுசு. ஓரத்துல மட்டும் கை பிடிச்ச மாதிரி தேய்ஞ்சிருக்கு. கைப்பிடியில இடது பக்கம் மட்டும் பளபளன்னு ஆயிடுச்சு. இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

இன்ஸ்பெக்டர் டயரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். அந்த நொடி எனக்குத் தேனாக இனித்தது.

"இடது பக்கம் நின்னு, ஒரு கையால கைப்பிடியையும் இன்னொரு கையால சீட்டையும் பிடிச்சுத் தள்ளிக்கிட்டே நடந்திருக்கார். இந்த சைக்கிள் ஊரெல்லாம் சுத்தியிருக்கு. ஆனா இது மேல ஒரு ஆள் உட்கார்ந்ததே இல்லை. வழிகாட்டிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்போ நாளைக்கு?"

"அதேதான். நாளைக்கு இருநூறு பேருக்கு முன்னால ஓட்டணும். குட்டு உடைஞ்சிடும். அதனால ஆள் கம்பி நீட்டிட்டார். கடல்ல போன மாதிரி தெரியட்டும்னு சைக்கிளை வேலியில விட்டுட்டாங்க. விட்டது அவர் இல்லை, ஒரு கூட்டாளி. சீட்டு அடிமட்டத்துக்கு இறக்கியிருக்கு பாருங்க. கூட்டாளி ரொம்பக் குள்ளம்."

மாமியார் மட்டும் மெதுவாகக் கேட்டார். "செல்போன் ஏன் உடைஞ்சிருக்கு மாப்பிள்ளை?"

"கூட்டாளி கோபக்காரன்."

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். நடைக்குப் போய் செல்போனில் பேசியது எங்களுக்குக் கேட்டது. படகைத் திரும்பி வரச் சொல்லு. குன்றுல தேடறவங்களையும் நிறுத்தச் சொல்லு. பஸ் நிலையத்துல ஆளைப் போடு. கூட ஒரு குள்ளமான ஆசாமி இருப்பான்.

அவர் போன பிறகுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். ஆறுதல் சொல்ல இரண்டு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவரோ ஒரு கண்ணாடி வில்லையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருக்கு ஓட்டத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார்," என்றார். "எனக்குத் தெரியும்னுதான் அவருக்குத் தெரியாது."

நான் எழுத்துப் பலகையின் மீது சாய்ந்துகொண்டேன்.

"எப்பவும் வலது கெண்டைக்கால்ல காயத்தோட வருவார். பெடல் இடிச்ச காயம். மேல உட்கார்ந்து ஓட்டறவருக்கு அங்க ஏன் இடிக்குது? பாறையில பட்டுதும்பார். சரின்னு மருந்து போட்டு விடுவேன். முதல்ல நடந்து போறவங்களுக்குத்தான் அந்தப் புத்தகத்தை எழுதினார். நடக்கறவங்களுக்குன்னா யாரும் வாங்க மாட்டாங்க, சைக்கிளுக்குன்னா போடறேன்னார் பதிப்பாளர். 'நட'ன்னு இருந்த இடத்துல எல்லாம் 'ஓட்டு'ன்னு மாத்தினார். அப்புறம் ஊரே கூப்பிட ஆரம்பிச்சதும் ஒரு சைக்கிளை வாங்கினார். யாராவது எதிர்ல வந்தா நிறுத்தி டயரைப் பார்க்கற மாதிரி நிப்பார்."

"இதை ஏம்மா போலீஸ்கிட்ட சொல்லலை?" என்றார் மாமியார்.

"உயிரோட வந்துட்டா அப்புறம் அவர் தலைநிமிர்ந்து நடக்கணுமே. ஆனா ஒண்ணு. சார் சொல்ற மாதிரி ஓடிப்போற ஆள் அவர் இல்லை. எங்கேயும் சொல்லாமப் போக மாட்டார். மாடிக்குப் போறதுக்கே சொல்லிட்டுத்தான் போவார்."

மாமியார் கதவு வழியாகக் காத்திருப்பு அறையில் இருந்த நீளமான சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த சோபாவுல ரெண்டு குஷன் கொறையுதே. தைக்கக் குடுத்திருக்கீங்களா?"

"இல்லைங்க. நேத்து காலையில பார்த்தா காணோம். இருந்த பதட்டத்துல நானும் தேடலை."

"ஹெல்மெட்?"

"அதையும் காணோம். எப்பவும் மாட்டிக்கிட்டுத்தான் போவார். நடந்தாலும்."

மாமியார் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு கனிவு தெரிந்தது. அந்தக் கனிவு வந்தால் என் மானம் போகப்போகிறது என்று அர்த்தம்.

"மாப்பிள்ளை, வீட்டை விட்டு ஓடிப்போறவர் சோபா குஷனைத் தூக்கிக்கிட்டுப் போவாரா?"

"தூங்கறதுக்கு..." என்றேன்.

"முழங்காலுக்கு. முட்டியில கட்டிக்கறதுக்கு. எத்தனை பிள்ளைங்களுக்கு நான் சைக்கிள் கத்துக் குடுத்திருக்கேன். முதல் நாள் என்ன செய்வேன்? சீட்டை அடியோட இறக்கிடுவேன். ரெண்டு காலும் தரையில ஊனணுமில்ல. உங்க குள்ளமான கூட்டாளி யாரும் இல்லை. நாளைக்கு இருநூறு பேருக்கு முன்னால ஓட்டணும்னு மனுஷன் ஓட்டக் கத்துக்கப் போயிருக்கார்."

அந்த அம்மாவின் கையிலிருந்து துணி கீழே விழுந்தது.

"எங்க போய்க் கத்துக்குவார்?" என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் எங்கோ விழுந்து கிடக்கிறார், தேடிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கடல், கரை, இருநூறு சைக்கிள், எல்லாவற்றையும் ஐந்து நிமிடப் பேச்சில் நிறுத்திய பெருமை எனக்கு மட்டுமே உரியது.

"விழுந்தா அடிபடாத இடம். புல்தரையா இருக்கணும். சைக்கிள்ல புல்லு ஏதாவது ஒட்டியிருந்துதா?"

நான் அசடு வழிந்தேன். பின்சக்கர அச்சில் ஒரு பிடி நீளமான புல் சுற்றிக்கொண்டிருந்தது. பல்சக்கரத்தைப் பார்க்க மறைத்ததால் நானே பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தேன்.

குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தோம். புல் கிடைத்தது. "பாதையெல்லாம் சரளையும் மணலும்தான்," என்றார் அந்த அம்மா. "இவ்வளவு உயரமான புல்லு எந்த வழியிலயும் கிடையாது." சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து கணவரின் புத்தகத்தை எடுத்து விரித்தார். சைக்கிள் நின்ற வேலியைப் பற்றிய பக்கம். இந்தப் புத்தகத்தில் ஒரு உடைந்த மரக்கதவுக்கு அரைப் பக்கம் வர்ணனை இருக்கிறது. ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் கடல் எப்படித் தெரியும் என்று ஒரு பக்கமே இருக்கிறது. ஆனால் வேலிக்கு நேர் மேலே இருக்கும் குன்றுக்கு, புதிய பதிப்பில் சேர்த்த ஒரே வரி: 'இந்தப் புல்குன்றில் பார்க்க ஒன்றும் இல்லை. தவிர்க்கவும்.'

"யாரும் வரக்கூடாதுன்னு எழுதியிருக்கார்," என்றேன்.

"வாங்க," என்றார் மாமியார். அவர் ஏற்கெனவே வேன் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.

வழியெல்லாம் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். அவர் பஸ் நிலையத்தில் குள்ளமானவர்களை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. குன்றுக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். மாமியார் வேனை ஓட்டிய வேகத்தில் எனக்கு என் பாவங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த அம்மா பின்சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேலி ஓரத்தில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் ஆள் வந்து தேடலை நிறுத்தச் சொல்லியிருந்தார். நாங்கள் குன்றைப் பார்த்து நடப்பதைக் கண்டதும் ஒருவர் அக்கறையாகக் குரல் கொடுத்தார்.

"சார், அந்தக் குன்றுல ஒண்ணும் இல்லை. புத்தகத்துலயே போட்டிருக்கு, தவிர்க்கணும்னு. நாங்க எல்லா வழியும் தேடிட்டோம், அதை மட்டும் விட்டுட்டோம்."

வேதத்தை மீறாத பக்தர்கள். நான் கம்பி வேலியைத் தாண்டினேன். நான் தாண்டிவிட்டேன், என் கால்சட்டையின் பின்பகுதி தாண்டவில்லை.

"நல்லா காத்து வரும் மாப்பிள்ளை, நடங்க," என்றார் மாமியார். அந்த வயதில் ஒரு கையை ஊன்றி வேலியைத் தாண்டி அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அந்த அம்மா அவருக்கும் முன்னால்.

கீழேயிருந்து பார்த்தால் மெத்தை மாதிரி தெரிந்த குன்று, ஏற ஆரம்பித்ததும் சுயரூபத்தைக் காட்டியது. புல் இடுப்பளவு. பாதி தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கி, காதுக்குள் இதயம் அடித்தது. கடல் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. ஒரு மனிதர் நாள் முழுக்கக் கத்தினாலும் சாலைக்குக் கேட்டிருக்காது.

மாமியார் நின்றார். கழுத்திலிருந்து விசிலை எடுத்து ஊதினார். ஒரு பள்ளிக்கூடத்தையே கிடுகிடுக்க வைத்த விசில் அது. கீழே சைக்கிள்காரர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்டோம். ஒன்றும் இல்லை. மறுபடி ஊதினார்.

இடது பக்கம், கொஞ்சம் மேலே, மண்ணுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். "இங்க."

அந்த அம்மா ஓடினார்.

மழைத்தண்ணீர் அறுத்த ஒரு பள்ளம். புல் மூடியிருந்ததால் காலை வைக்கிற வரைக்கும் தெரியாது. அதற்குள் வழிகாட்டி மல்லாந்து கிடந்தார். தலையில் ஹெல்மெட். இரண்டு முழங்காலிலும் கழுத்து டைகளால் இறுக்கிக் கட்டிய பூப்போட்ட சோபா குஷன்கள். ஒரு கணுக்கால் வீங்கிப் பூசணிக்காயாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரைக் குடித்து ஒரு ராத்திரியைக் கழித்திருந்தார்.

அந்த அம்மா அவர் தலைமாட்டுப் பக்கம் நின்றதால், முதலில் அவர் கண்ணில் பட்டது நான்தான். "நீங்க நாளைக்கு வர்ற வாசகரா?" என்று கேட்டு, குஷனைக் கையால் மறைக்கப் பார்த்தார்.

அப்புறம் மனைவியைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். தண்ணி குடிங்க." அந்த அம்மா பள்ளத்துக்குள் இறங்கி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"முதல் காயத்துலேருந்து."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து ஹெல்மெட் பட்டைக்குள் போனது. கடைக்குள் அழாத அந்த அம்மா அப்போதுதான் அழுதார். மாமியாரும் நானும் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. வெட்கமும் பெருமையும் கலந்த குரல். "ஆனா நேத்து ஓட்டினேன் தெரியுமா. நெஜமாவே. ரெண்டு காலையும் தூக்கிட்டேன். பள்ளம் இருக்கறது தெரியலை. நான் உள்ள விழுந்துட்டேன், சைக்கிள் மட்டும் தாண்டிப் போயிடுச்சு."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

அன்று காலை முதல் நான் சொன்னது எதையும் நம்ப அவருக்குக் காரணம் இல்லை. இருந்தும் கேட்டார். நான் பள்ளத்தின் மேட்டுப் பக்கம் ஏறினேன். அங்கே புல் குறைந்து ஈரமண் தெரிந்தது. மேலிருந்து டயரின் தடம் ஒன்று இறங்கி வந்தது. அதன் இருபுறமும் ஷூ இழுத்த கோடுகள், இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி வந்திருக்கிறார். குனிந்து, மண்டியிட்டு, எழுத்துப் பலகையில் காட்டாத கவனத்தோடு பார்த்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் ஷூ கோடுகள் நின்றுவிட்டன. அதற்கப்புறம் டயர் தடம் மட்டும். இப்படியும் அப்படியும் நெளிந்து, ஆனால் அறுந்துபோகாமல், பள்ளத்தின் விளிம்பு வரைக்கும்.

திரும்பி வந்து சொன்னேன். "ஒரு பஸ் நீளத்துக்குக் காலடியே இல்லை. வெறும் டயர்தான். ஓட்டியிருக்கார்."

"ஒரு பஸ்தானா?" என்றார் வழிகாட்டி. "ரொம்ப தூரம் போன மாதிரி இருந்துதே."

"பெரிய பஸ்," என்றார் மாமியார்.

விசில் சத்தத்துக்கு ஏறி வந்தவர்கள் மேலே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வருவதற்குள் அந்த அம்மா குஷன்களை அவிழ்த்துத் தலைக்கு அணையாக வைத்துவிட்டார். கூட்டத்துக்குப் பின்னால் வியர்க்க விறுவிறுக்க இன்ஸ்பெக்டர். பள்ளத்தை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார்.

"எப்படிம்மா விழுந்தார்?"

"சைக்கிள் ஓட்டும்போது," என்றார் அந்த அம்மா. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சார் காலையில, அவருக்கு ஓட்டவே தெரியாதுன்னு..."

சுற்றிலும் வாசகர்கள். பள்ளத்துக்குள்ளிருந்து வழிகாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் சொன்னவற்றில் குள்ளன் பொய், கூட்டாளி பொய், ஓடிப்போனது பொய். உருப்படியாக நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டு மணி நேரம்கூட அனுபவிக்கவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன் இன்ஸ்பெக்டர்," என்றேன். "நல்லாவே ஓட்டுவார்."

"அதானே," என்றார் இன்ஸ்பெக்டர் நிம்மதியாக. "எனக்கு அப்பவே சந்தேகம்தான்."

நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வதற்கு முன் அவர் ஒரு நொடியாவது யோசித்திருக்கலாம்.